நான் வந்தால் படுத்துக்கொள்ளும் சர்வர்கள்

ஆபீஸில் நான் பார்த்துக்கொள்ளும் பன்னிரண்டு சர்வர்களில் ஏழு எழுந்தன, ஐந்து எழவில்லை. கேபிள்தான் காரணம் என்று காலை ஒன்பது மணிக்கே மேனேஜருக்கு எழுதி அனுப்பிவிட்டேன். கேபிள் போட்டவன் என் கொழுந்தன், வீட்டுக்காரரின் ஒரே தம்பி. சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டுகிறேன் என்று யாரும் வாய் திறந்துவிடக் கூடாதே என்கிற அவசரம் எனக்கு.

மேனேஜர் உடனே பதில் போட்டார். மதியத்துக்குள் சரியாகாவிட்டால் கேபிள் முழுவதையும் பிடுங்கிவிட்டு வேறு ஆளைப் போடுவாராம், மேல் மாடிக்குக் கேபிள் போடும் வேலையும் அந்த ஆளுக்கே போய்விடுமாம். அந்த மேல் மாடியை நம்பித்தான் கொழுந்தன் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியிருந்தான். பதிலைப் படித்ததும் கொழுந்தனைச் சர்வர் அறைக்குக் கூப்பிட்டேன்.

"அண்ணி, சத்தியமா சொல்றேன், ஒவ்வொரு கேபிளையும் மூணு தடவ டெஸ்ட் பண்ணிட்டேன்" என்றான்.

"அப்ப சர்வர் பொய் சொல்லுதா?"

"அது ஏன் பொய் சொல்லப்போகுது? பயந்து பொய் சொல்ல அதுக்கென்ன என்னை மாதிரி அண்ணியா இருக்காங்க?"

இந்த வாய்க்கொழுப்புக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

எங்கள் சர்வர்களுக்குள் டிஸ்க் கிடையாது; அவற்றை இயக்கும் லினக்ஸ் மென்பொருள் தலைமை சர்வரில்தான் இருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் "எனக்கு முகவரி யார் தருவது, லினக்ஸ் எங்கே கிடைக்கும்?" என்று நெட்வொர்க்கில் பொதுவாகக் கேட்கும். தலைமை சர்வர் பதில் சொல்லும், அங்கிருந்து லினக்ஸை இறக்கிக்கொண்டு எழுந்துவிடும். எழாதவையோ முகவரி கிடைத்த பிறகும் லினக்ஸ் கிடைக்காமல் திணறின.

கேபிள்களை மாற்றி மாற்றிக் குத்தினோம். அடுத்த முறை வேறு நான்கு படுத்துக்கொண்டன. தலைவலி வந்து, வழக்கம்போல லேப்டாப்பை நெட்வொர்க்கிலிருந்து கழற்றி இடுக்கிக்கொண்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் கொழுந்தன் வாசலிலேயே குதித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, பன்னிரண்டும் எழுந்திருச்சு!"

நான் சும்மா நம்பிவிடுகிற ஆளா? லேப்டாப்பை மறுபடி, எல்லாக் கேபிளும் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சில் செருகி உட்கார்ந்து, "என் கண்ணு முன்னால காட்டு" என்றேன். எல்லாவற்றையும் அணைத்து மறுபடி போட்டான். ஆறு எழவில்லை.

அவன் தலையைச் சொறிந்தான். "கோவிச்சுக்காதீங்க அண்ணி. நீங்க இங்க இருந்தாதான் இதுங்க படுத்துக்குது."

"என்னடா, சர்வருக்குக்கூட என்னைப் பார்த்தா பயமா?"

"வீட்ல அண்ணனுக்கு இருக்கே!"

எரிச்சலில் தலைமை சர்வரின் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, நெட்வொர்க்கில் யார் என்ன பேசுகிறார்கள் என்று பதிவு செய்யச் சொன்னேன். ஒரு சர்வர் முகவரி கேட்டது. ஒன்றல்ல, இரண்டு பதில்கள் வந்தன. யாரோ குறுக்கே புகுந்து முகவரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதிலை முதலில் வாங்கிய சர்வர்தான் வழி தவறிப் போனது. "எவன்டா அந்தப் புண்ணியவான்?" என்று கத்திக்கொண்டே அந்த இயந்திரத்தின் எண்ணைப் பார்த்தேன்.

என் லேப்டாப்பின் எண்.

போன வாரம் வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை இதே முறையில் எழுப்பிப் பழகிப் பார்த்தேன். முகவரி கொடுக்கிற அந்தச் சேவையை லேப்டாப்பில் நிறுத்த மறந்திருக்கிறேன். கோளாறைக் கண்டுபிடிக்க நான் உட்கார்ந்த ஒவ்வொரு தடவையும் கோளாறும் என்கூடவே வந்து உட்கார்ந்திருக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரே கட்டளையில் சேவையை நிறுத்தினேன். பன்னிரண்டும் சமர்த்தாக எழுந்தன.

திரையையும் என் முகத்தையும் பார்த்தவனுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"மேனேஜர்கிட்ட கேபிள்தான்னே சொல்லிடுங்க அண்ணி. எனக்கு வேற இடத்துல வேல கிடைக்கும். உங்க பேரு கெட வேண்டாம்."

எனக்கு வந்ததே கோபம்! "வாயை மூடு! பெரிய தியாகி இவரு!" என்று சீறிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு படியேறினேன்.

மேனேஜரிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. "தப்பு என்னுது சார். கேபிள்ல ஒரு குறையும் இல்ல. காலையில எழுதினதை வாபஸ் வாங்கிக்கிறேன்."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப மேல் மாடியையும் அவரே பண்ணட்டும். அங்க வரும்போது மட்டும் லேப்டாப்பை வீட்லயே வச்சிட்டு வாங்கம்மா" என்றவர், "வாங்க, எழுந்ததையெல்லாம் காட்டுங்க" என்று என்னோடு கிளம்பினார்.

நான் பெருமையாகக் கதவைத் திறந்தேன். எட்டு சர்வர்கள் செத்துக் கிடந்தன. கொழுந்தன் தரையில் உட்கார்ந்து, பிடுங்கிய கேபிள்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"அடப்பாவி! என்னடா பண்ற?"

"நீங்க கேபிள்தான்னு சொல்லியிருப்பீங்க, எப்படியும் பிடுங்கத்தான் போறாங்கன்னு..." என்றவன் எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து விழித்தான்.

"உண்மையைச் சொல்லிட்டேன்டா, மடையா. மேல் மாடியும் உனக்குத்தான்."

அவன் சுருட்டியதையெல்லாம் அவசரமாக அவிழ்த்தான். மேனேஜர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்து, "எது எங்க போகும்னு சொல்லுங்க தம்பி" என்றார். மூன்று பேரும் தரையில் மண்டியிட்டு, ஒவ்வொன்றாகச் செருக ஆரம்பித்தோம்.