பூதத்தின் குரல்

எங்கள் கல்லூரித் திரைப்படக் கழகம் ஓர் ஆதிகால ஊமைப்படத்தைத் திரையிட்டது. இளவரசனைப் பூதம் குகையில் அடைக்கும் மாயக்கதை. படம் தொடங்கியதுமே முதல்வர் எழுந்துவிட்டார்.

"என்னப்பா, சத்தமே வரலை? இதைக்கூட ஒழுங்கா நடத்தத் தெரியலைன்னா கழகத்தை இழுத்து மூடுங்க!"

அது ஊமைப்படம் என்று அவரிடம் சொல்லும் துணிச்சல் யாருக்கும் இல்லை. கழகச் செயலாளரான என் நண்பன் என் கையில் மைக்கைத் திணித்தான். "மாப்ள, நீயே பேசிடுடா!"

திரையில் பூதம் வாயைத் திறந்தது. பதற்றத்தில் எனக்குத் தெரிந்த ஒரே மிரட்டல்தான் வந்தது.

"போய் உங்கப்பாவைக் கூட்டிட்டு வா! அதுவரைக்கும் வகுப்புல கால் வைக்காதே!"

அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. அது முதல்வரின் தினசரி வசனம். நண்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

முதல்வர் மட்டும் திருப்தியாக உட்கார்ந்தார்.

"இப்பதான் சத்தம் சரியா வருது. எதுக்குடா சிரிக்கிறீங்க? பூதம் நியாயமாத்தானே பேசுது!"