பொய் நிறுத்தம்

முப்பத்தாறு வயதாகியும் தனக்கு ஒரு பொருத்தமும் கூடிவராத நெல்லையப்பன், ஒரகடத்துத் தொழிற்சாலையின் மாடியறையில் சூத்திரங்களுக்குக் கல்யாணம் செய்துவைத்துக்கொண்டிருந்தான். வேலையே அதுதான். தகடு அடிக்கும் பிரஸ் மெஷின்களின் பழைய தரவைக் கணினிக்குள் கொட்டி, கண்டபடிக்குச் சூத்திரங்களைப் பிறப்பிப்பது. நடந்ததைச் சரியாகச் சொல்பவற்றை மட்டும் உயிரோடு விட்டு, இரண்டிரண்டாகச் சேர்ப்பது. ஒன்றின் தலையும் இன்னொன்றின் வாலுமாகப் பிள்ளைகள் பிறக்கும், தேறாதவை சாகும். தலைமுறைகள் போகப்போக, யாருமே எழுதாத ஒரு சூத்திரம் எல்லோரையும்விடக் கெட்டிக்காரத்தனமாக வந்து நிற்கும். தன் ஜாதகத்தையும் உள்ளே போட்டுப் பார்க்க அவனுக்கு ஆசைதான். முதல் தலைமுறையிலேயே செத்துவிடுமோ என்று விட்டுவிட்டான்.

சூத்திரம் கேட்டவர் புரொடக்‌ஷன் மேனேஜர் சாம்சன். பிரஸ்ஸின் வாய்க்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை ஒன்று உண்டு. கை குறுக்கே போனால் மெஷின் நின்றுவிடும். போகாமலும் நிற்கிறது என்று எல்லோருக்கும் எரிச்சல். நின்றதும் பக்கத்திலிருக்கும் கணினித் திரை காரணம் கேட்கும்: ‘காயம்’, ‘பொய் நிறுத்தம்’ என்று இரண்டே பொத்தான். ரத்தம் வராவிட்டால் பொய். அந்த லைனில் யாருக்கும் அடிபட்டதே இல்லை, ஆகவே அத்தனையும் பொய். அந்தப் பொய்கள் எப்போது வரும் என்று சூத்திரம் முன்கூட்டிச் சொன்னால், அந்த நேரங்களில் ஒளித்திரை கண்ணை மூடிக்கொள்ளும். மெஷின் நிற்காமல் ஓடும்.

காலையில் ஜெயித்து வந்த சூத்திரம் பெருமாள் கோயில் தேர்வடம்போல நீளம். யார் உட்கார்ந்து படிப்பது? சொன்னதெல்லாம் பலித்தது, போதும் என்று அனுப்பிவிட்டான். சாம்சன் அதை மதியமே மூன்றாவது பிரஸ்ஸில் ஏற்றினார்.

சாயங்கால டீக்குப் பிறகுதான், அந்தச் சூத்திரத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும் வெட்டி உறுப்புகளைக் கழிக்க ஆரம்பித்தான். அதிர்வு உதிர்ந்தது. எண்ணெய்ச் சூடு, மின்னழுத்தம், தூசி எல்லாம் உதிர்ந்தன. மிஞ்சியவை இரண்டு: பிரஸ்ஸின் வேகம், அதன்முன் நிற்பவர் வேலைக்கு வந்து எவ்வளவு நேரமாயிற்று என்பது. இரண்டாவதை, கிடக்கட்டுமே என்று வருகைப்பதிவிலிருந்து அவன்தான் சேர்த்திருந்தான்.

முதலில் சிரித்தான். பிறகு மறுபடி படித்தான். ஆள் களைத்துப்போனது தூசிக்குத் தெரியாது, மின்சாரத்துக்குத் தெரியாது. கைக்குத்தான் தெரியும். அப்படியானால் அவற்றில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு கை உள்ளே போய், முழுசாக வெளியே வந்திருக்கிறது. இனி, கை தடுமாறும் நேரமாகப் பார்த்துத்தான் ஒளித்திரை கண்ணை மூடும். நல்ல பிள்ளையைத்தான் பெற்றுவிட்டிருக்கிறேன் என்று நினைத்தபோது அவன் படியில் பாதி இறங்கியிருந்தான்.

“இன்னா நெல்ல, ஓடியார?” என்றார் சாம்சன். “உன் பார்முலா சும்மா கிழிச்சுகினு போவுது. மதியத்துலேருந்து ஒரு வாட்டிகூட நிக்கல பா.”

“நிறுத்தச் சொல்லுங்க சார். அது பொய்யில்ல சார், கை!”

“யோவ், காமெடி பண்ணாத. டார்கெட் கீது.”

அவரைத் தாண்டி ஓடினான். மூன்றாவது பிரஸ்ஸில் சுகப்பிரியா நின்றிருந்தாள், சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், பென்னலூர் ஹாஸ்டலில் இருப்பவள்.

“எப்பலேருந்து நிக்க?”

“பர்ஸ்ட் ஷிப்ட்லேருந்துண்ணே. ஓவர்டைம் பாக்கேன்.” திரும்பாமலே சொன்னாள். கண்களை விரித்து விரித்து மூடினாள். தகடு லேசாகக் கோணிக்கொண்டு கிடந்தது. அதை நேராக்க, தூக்கத்தில் போர்வையை இழுப்பதுபோல அவ்வளவு மெதுவாக, அவள் கை உள்ளே போயிற்று. மேலே இரும்பு அசைந்தது.

மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை நெல்லையப்பன் இரண்டு கையாலும் அறைந்தான்.

இரும்பு அந்தரத்தில் நின்றது. லைன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சுகப்பிரியா கையை வெளியே எடுத்து, விரல்களை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கினாள்.

“எண்ணே... நா கைய உள்ளயா வச்சேன்?”

கணினித் திரை வழக்கம்போலக் காரணம் கேட்டது. சாம்சன் வந்து பார்த்தார்: தகட்டில் ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை. பழகிப்போன விரல் தானாக ‘பொய் நிறுத்தம்’ பொத்தானுக்குப் போயிற்று. போன இடத்தில், தொடாமல் நின்றது.