மெனுவில் முதல் வரி

வீட்டுக்காரரைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்ட ஆரம்பித்தது அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான். அதற்கு முன்பு வெறும் எரிச்சல். எரிச்சலோடு குடும்பம் நடத்திவிடலாம், ஊரே அப்படித்தான் நடத்துகிறது.

அவள் எம்பிராய்டரி வேலை செய்கிறவள். ஓட்டல் சிப்பந்திகளின் சட்டைப் பை, பள்ளிக்கூடத்து கோட்டு, கிளப் தொப்பி என்று எதில் சின்னம் வேண்டுமானாலும் அவளிடம் வருவார்கள். தைப்பது மெஷின். ஆனால் ஊசி எங்கே இறங்க வேண்டும், நூல் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரில் அவள்தான் தையல் தையலாக வரைந்து கொடுக்க வேண்டும். வரைகிற சாப்ட்வேர் அரதப் பழசு, பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும். கல்யாணமான நாளிலிருந்து அவள் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வரைந்த அத்தனை டிசைனும் அதற்குள்தான் இருந்தன.

அவருக்குப் பெயிண்ட் கம்பெனி ஒன்றின் குடோனில் வேலை. அவள் தங்கை அவருக்கு ‘விஞ்ஞானி’ என்று பட்டம் வைத்திருந்தாள். மனிதர் அதைக் கேலி என்று நினைக்கவே இல்லை. லீவு வந்தால் போதும், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸில் புதிதாக ஒன்றை இறக்கி அதே கம்ப்யூட்டரில் ஏற்றுவார். பிடிக்காவிட்டால் அதைக் கழற்றிவிட்டு இன்னொன்று. எதற்கு என்று கேட்டால் சும்மா பார்க்கத்தான் என்பார். பார்ப்பது என்றால் திரையில் கடற்கரைப் படம் வைத்து, அதை ரசித்தபடி ஒரு விரலால் காதைக் குடைவது. குடைந்த விரலாலேயே அடுத்த பட்டனைத் தட்டுவார். கீபோர்டு இடுக்கில் பிஸ்கட் தூளும் தலைமுடியும் சேர்ந்து பிசுபிசுத்துக் கிடக்கும். தினமும் வேலை தொடங்குமுன் ஈரத்துணியால் அதைத் துடைப்பது அவள் தலையெழுத்து.

அண்ணன் தம்பிக்குச் சொத்துப் பிரிப்பது போல லினக்ஸுக்கு ஒன்று, விண்டோஸுக்கு ஒன்று என்று ஹார்ட் டிஸ்க்கைச் சரிசமமாகக் கூறு போட்டிருந்தார். கம்ப்யூட்டரைப் போட்டதும் ஒரு மெனு வரும். மேலே எல்லாம் அவருடைய லினக்ஸ்கள், கடைசி வரியில் அவளுடைய விண்டோஸ். சில நொடிக்குள் அம்புக்குறியை அழுத்திக் கீழே இறங்காவிட்டால் அது தானாக முதல் வரிக்குள் போய்விடும். அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் கடற்கரை வந்து நிற்கும். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. என் வரியை மேலே போடுங்கள் என்று பல தடவை கேட்டாள். அதெல்லாம் உனக்குப் புரியாது, அதற்கு ஒரு முறை இருக்கிறது என்றார்.

டிசைன்களுக்கு ஒரு நகல் இருக்கட்டும் என்று அவளே ஒரு பென் டிரைவ் வாங்கி எல்லாவற்றையும் காப்பி பண்ணி வைத்திருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் எடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் துடைத்துவிட்டு, புது லினக்ஸ் ஏற்றும் டிரைவாக மாற்றினார். அதற்கு இடம் பண்ண, பழைய லினக்ஸ் ஒன்றை நீக்கப் போனார். திரையில் வந்த கூறுகளின் பட்டியலில் எண்ணும் அளவும் மட்டும்தான் இருந்தன. சரிசமமாகக் கூறு போட்டிருந்தாரே, எல்லாமே ஒரே அளவு. நீக்கட்டுமா என்று கேட்டதற்கு வாசிக்காமல் சரி என்று தட்டினார். போனது அவளுடைய கூறு.

அவள் அழவில்லை. கம்ப்யூட்டர் சர்வீஸ் சென்டர் நடத்துகிற பெண்ணுக்குப் போன் போட்டாள். அந்தப் பெண் நிதானமாகச் சொன்னாள், நீக்கினாலும் உள்ளே இருப்பது உடனே அழியாது, அதன் மேல் வேறு எதையும் எழுதாமல் இருந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம், நாளைக்குக் கடை திறந்ததும் கொண்டு வாருங்கள், அதுவரை யாரும் கை வைக்கக் கூடாது என்று. அதை அப்படியே அவரிடம் சொன்னாள். அவர் சேனலை மாற்றிக்கொண்டே தலையாட்டினார். கம்ப்யூட்டரைத் துண்டில் சுற்றி அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன், சட்டைச் சின்னத்துக்கு ஆர்டர் கொடுத்திருந்த ஓட்டல் மேனேஜரை நேரில் பார்த்து ஒரு நாள் தவணை கேட்டாள். காரணமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றாள். கட்டினவரை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும். திரும்பி வந்தபோது துண்டு தரையில் கிடந்தது, கம்ப்யூட்டர் மேஜை மேல் இருந்தது. லீவு போட்டுவிட்டு அவர் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“வா வா. உனக்குப் புதுசாவே விண்டோஸ் போட்டுட்டேன். பாரு, மெனுவுல உன் பேருதான் முதல்ல.”

“எந்த இடத்துல போட்டீங்க?”

“காலியா கிடந்துச்சுல்ல, அதுலதான்.”

“அது காலி இல்லன்னு உங்ககிட்ட சொன்னேன்.”

“கடைக்காரங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. நம்ம வீட்டுப் பொருள்ல வெளியாளு எதுக்குக் கை வைக்கணும்?”

புதிய விண்டோஸ் பளபளவென்று திறந்தது. உள்ளே ஒரு தையல்கூட இல்லை. அவர் பாராட்டுக்குக் காத்திருக்கிற முகத்தோடு காதைக் குடைந்தார். இவரோடு ஒரே சோப்பில் குளித்திருக்கிறோமே என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மேஜையருகே போய், கூறுகளின் பட்டியலைத் திறந்தாள். எண்ணைச் சரிபார்த்து, கடற்கரை இருந்த கூறின் மேல் அம்பை நிறுத்தினாள். நீக்கட்டுமா என்று கேட்டது.

“ஏய், அதுல என்னோட...” என்று ஆரம்பித்தவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

மிச்சத்தையும் சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அவள் விரலுக்குக் கீழே பட்டன் பிசுபிசுத்தது. கையை எடுத்துக்கொண்டாள். குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவினாள், பிறகு இன்னொரு தடவையும் கழுவினாள். ஈரக் கையோடு, அவர் காதில் விழுகிற தூரத்தில் நின்று ஓட்டல் மேனேஜருக்குப் போன் போட்டாள்.

“சார், காலையில கம்ப்யூட்டர் ரிப்பேர்னு சொன்னேன்ல. அது பொய். கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு. என் வீட்டுக்காரர் எல்லாத்தையும் அழிச்சிட்டாரு.”