சம்பந்தி பேசிய நான்கு நிமிடம்

போன ஞாயிறு வீடியோ போனில் சம்பந்தி ஸ்பானிஷில் நான்கு நிமிடம் பேசினார். கையை ஆட்டினார், நெற்றியைத் தேய்த்தார், நடுவில் ஒருமுறை திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டார். அவர் பக்கத்தில் இருந்து அத்தனையும் கேட்டு முடித்த மகள் திரையைப் பார்த்து, "உங்க ரெண்டு பேரையும் ரொம்ப விசாரிச்சார்பா" என்றாள். அவ்வளவுதான். போனின் இந்தப் பக்கம் இருந்த அவள் அப்பா, லிப்ட் மெக்கானிக், கடிகாரத்தைப் பார்த்தார். விசாரிப்பதற்கு எந்த ஊரில் ஐயா நான்கு நிமிடம் ஆகும்?

அவர் ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது. மகளின் கல்யாணத்துக்குப் போன இடத்தில் சம்பந்தி கட்டிப்பிடித்து ஏதேதோ சொல்ல, இவர் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்று, கடைசியில் அவர் முதுகில் இரண்டு தட்டு தட்டிவிட்டு வந்தார். அந்த வெட்கம்தான் காரணம். திரும்பி வந்த வாரமே கம்ப்யூட்டரில் ஒரு டீச்சரைப் பிடித்தார். மகளுக்குச் சொல்லவில்லை. ஒருநாள் திடீரென்று சரளமாகப் பேசி அவளை அசத்த வேண்டும் என்று ஆசை. மனைவியிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. "உங்க பொண்ணு அந்த ஊர்ப் பையனைக் கட்டிக்கிட்டா சரி, நீங்க எதுக்கு அந்த பாஷையையே கட்டிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு அவள் காய் நறுக்கப் போய்விட்டாள்.

மோட்டார் அறையில் கயிற்றுக்கு எண்ணெய் போடும்போது வினைச்சொல் சொன்னார். லிப்டின் கூரைமேல் உட்கார்ந்து ஒன்று முதல் நூறு வரை எண்ணினார். எட்டாவது மாடிக்காரம்மா கதவுக்குப் பின்னாலிருந்து அதைக் கேட்டுவிட்டு, மெக்கானிக் மந்திரம் போடுகிறார் என்று அசோசியேஷனில் சொல்லிவிட்டாள். டீச்சர் பொறுமைசாலி. "நீங்க பேசறதுல தப்பே இல்லை. ஆனா கலெக்டருக்கு மனு எழுதற மாதிரி இருக்கு" என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னாள். பேச்சுக்கு முன்னால் 'மிரா' என்று போடச் சொன்னாள். நாம் 'பாருங்க' என்று ஆரம்பிப்பதுபோல. ஒவ்வொரு வாக்கியத்திலும் 'நான், நான்' என்று சொல்ல வேண்டாம், வினையிலேயே அது இருக்கிறது என்றாள். எங்கள் பாஷையிலும் அப்படித்தான் என்று அவருக்கு அன்றைக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

ஆனால் மூன்று மாதமாக அந்தச் சந்தோஷம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் மாப்பிள்ளையைக் காணவில்லை. கேட்டால் வேலை என்கிறாள். ஞாயிற்றுக்கிழமையுமா என்றால் அங்கே அப்படித்தான் என்கிறாள். சம்பந்தியின் பேச்சு வாராவாரம் நீண்டுகொண்டே போக, மகளின் மொழிபெயர்ப்பு வாராவாரம் சுருங்கிக்கொண்டே வந்தது. அவள் எதையோ விழுங்குகிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வாரத்துக்கு ஒரு வகுப்பை மூன்றாக்கினார். இப்போது அவர் படித்தது அசத்துவதற்காக இல்லை, பயத்தில். நடுராஸ்தாவில் வண்டியை நிறுத்திவிட்டு வார்த்தைகளை முணுமுணுத்தார். சாப்பாட்டுத் தட்டில் கை அப்படியே நின்றது. மனைவியிடம் வாய் திறக்கவில்லை. சந்தேகத்தை வைத்துக்கொண்டு என்னவென்று சொல்வது?

இந்த ஞாயிறு சாயங்காலமும் வழக்கம்போல் சோபாவில் இருவரும் உட்கார்ந்தார்கள். திரையில் மகள், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பக்கத்தில் சம்பந்தி. சம்பந்தியம்மா பின்னால் நின்று மகளின் தோளில் கை வைத்திருந்தாள்.

"மிரா" என்று ஆரம்பித்தார் சம்பந்தி. மெக்கானிக் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பாதிக்குமேல் கைநழுவிப் போயிற்று. ஆனால் மாட்டிக்கொண்டவை போதுமானவையாக இருந்தன. என் மகன். போய்விட்டான். மூன்று மாதம். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இது உன் வீடு, நீ இங்கேயே இரு. ஆனால் இவர்களிடம் சொல், மகளே, சொல். எனக்கு இவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மகள் திரும்பினாள். "தோட்டத்துல தக்காளி நிறைய காய்ச்சிருக்காம்பா. நீங்க வந்தா கூடை கூடையா தருவாராம்."

"அட, நல்ல மனுஷன்" என்றாள் மனைவி.

என்றைக்காவது பேசுவதற்கென்று அவர் மனப்பாடம் செய்துவைத்திருந்த வணக்கமும் நலம் விசாரிப்பும் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. ஸ்பானிஷில் இரண்டே வார்த்தை கேட்டார். "மூணு மாசமா?"

சம்பந்தி கண்ணாடியைக் கழற்றினார். மகளின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு, குழந்தையிடம் பேசுவதுபோல மெதுவாக, சின்னச் சின்ன வார்த்தைகளாக, அவளும் ஸ்பானிஷிலேயே பேசினாள்.

"ஆமாம்பா."

"திரும்பி வருவானா?"

"வரமாட்டார். வேற ஒருத்தி இருக்கா."

"சாப்பிடறியா?"

"இவங்க சாப்பிட வைக்கிறாங்க."

"நான் வரேன்." இங்கே வினையைத் தப்பாகச் சொன்னார். அவளுக்குப் புரிந்தது.

"வாங்க. ஆனா அம்மாகிட்ட இன்னிக்கு வேண்டாம். நானே சொல்றேன். எனக்குக் கொஞ்சம் நாள் குடுங்கப்பா."

டீச்சர் ஏழு மாதமாகக் கெஞ்சிய அந்தச் சரளம் அவருக்கு இப்போதுதான் வந்தது. பெற்ற மகளிடம், பெற்றவளுக்குப் புரியாத பாஷையில். சிரித்த முகமாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்ததால் கன்னம் வலித்தது.

மனைவி வாயைப் பிளந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அடேயப்பா, எப்படிப் பொழியறார் பாரு" என்று அவர் தொடையில் தட்டினாள். "லிப்டுக்குள்ள உளறினது வீண் போகலை. பாப்பா, உங்கப்பா உனக்கே தெரியாம படிச்சார்டி. நான்தான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன், தெரியுமா?" அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. சம்பந்தியம்மாவைப் பார்த்துக் கணவரைச் சுட்டிக்காட்டிச் சிரித்தாள். அந்த அம்மாள் தலையாட்டினாள், சிரிக்கவில்லை.

"எனக்கும் ஒண்ணே ஒண்ணு சொல்லிக்குடுங்க. 'சந்தோஷமா இருக்கியா'ன்னு எப்படிக் கேக்கணும்?"

"இப்ப எதுக்கு?" என்றார் அவர்.

"சொல்லுங்கன்னா. நீங்க மட்டும்தான் பேசணுமா?"

அது மூன்றாவது பாடம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு துண்டாக, அவள் வாயில் படியும்வரை சொன்னார். அவள் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டு, முந்தானையால் திரையை ஒருமுறை துடைத்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள்.

"எஸ்தாஸ் கொந்தெந்தா?"

மகள் திரும்பிச் சம்பந்தியைப் பார்த்தாள். சம்பந்தியம்மாவின் கை அவள் தோளில் இறுகியது. தன் உச்சரிப்புதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு அம்மா, சிரித்தபடியே, இன்னும் கொஞ்சம் சத்தமாக, இன்னொரு முறை கேட்டாள்.