இடக்கைகள் நிறைந்த பெட்டி

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று ஒரு தவறு செய்தேன். இரண்டு இடக்கை உறைகளை ஒரு ஜோடி என்று கட்டி இஸ்திரிப் பகுதிக்கு அனுப்பிவிட்டேன். நிறம் சரியாக இருந்தது, அளவும் சரி. கட்டைவிரல் எந்தப் பக்கம் என்று மட்டும் பார்க்கவில்லை. கையுறை ஆலையில் ஜோடி சேர்ப்பவளுக்கு இருக்கிற வேலையே அது ஒன்றுதான்.

கண்டுபிடித்தது அப்பா. அவருடைய மேசையில் சூடான இரும்புக் கைகள் விரல் விரித்து நிற்கும், வலது ஒன்று, இடது ஒன்று என்று வரிசையாக. தோல் உறையை அவற்றில் மாட்டி இழுத்து நீவினால் சுருக்கம் போய்விடும். அந்த ஜோடியை அவரே கொண்டுவந்து என் முன்னால் போட்டார்.

"ஏம்மா, இதைப் போட்டுக்கறவன் எந்த ஊர்ல இருக்கான்? ஒரு தடவை பார்க்கணும்."

பக்கத்து இருக்கையில் ரேடியோ அக்கா. அவர் பேசாமல் இருந்தால் உடம்பு சரியில்லை என்று பொருள். "கல்யாணம் ஆனவனா இருப்பான் அண்ணே. வலது கையைப் பொண்டாட்டி பிடுங்கி வச்சிருப்பா" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அவரே அடுத்த செய்தியையும் படித்தார். நாங்கள் கையுறை அனுப்புகிற குளிர் நாட்டில் நம் சரக்குக்கு வரியை ஒரேயடியாக ஏற்றிவிட்டார்களாம்.

மாலையில், ஆலை ஆட்களுக்காக நடக்கிற ஏற்றுமதி வகுப்பில் சார் அதையே எடுத்தார். இந்த வரியை யார் கட்டுவது என்று கேட்டார். "நாம" என்றேன். தப்பு. இன்றைக்கு இரண்டாவது.

"அங்க சரக்கை இறக்கறவர் கட்டுவார்மா. கட்டப் பிடிக்கலைன்னா வேற நாட்டுல வாங்கிப்பார்."

"நம்ம கையுறை என்ன சார் தப்பு பண்ணுச்சு?"

"ஒண்ணும் இல்ல. அவங்களுக்கு ஆகாத நாட்டுக் கப்பல் ஒண்ணு நம்ம துறைமுகத்துல நிக்குது. அனுப்பிடுங்கன்னாங்க, நம்ம அரசாங்கம் முடியாதுன்னுச்சு."

"கப்பலுக்கும் கையுறைக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"சம்பந்தமே வேணாம். எங்க கிள்ளினா அழுகை சத்தம் கேக்குமோ அங்க கிள்ளுவாங்க."

அதை அப்படியே எழுதிக்கொண்டேன். முழுதாகப் புரிந்ததா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

எங்கள் ஆலையில் ஒரு ஆர்டருக்கு இடக்கை முழுவதையும் முதலில் தைத்து முடிப்பார்கள். பிறகுதான் வலக்கை. ஒரே பக்கம் பழகினால் தையல் வேகமாக ஓடும். ஆர்டரை நிறுத்தச் சொல்லித் தகவல் வந்தபோது இடக்கைகள் மட்டும் முடிந்திருந்தன. இப்போது சுவர் ஓரம் பெட்டி பெட்டியாக இடக்கைகள். வலக்கைக்கு வெட்டி வைத்திருந்த தோலைச் சாவிப்பை தைப்பவர் ஒருவர் எடைக்கு வாங்கிப் போய்விட்டார்.

இன்று சூப்பர்வைசர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். இனி ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் வேலை. யார் விலகுவது என்று வீட்டிலேயே பேசி, விலகுகிறவருடைய வேலை அட்டையைத் திங்களுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் நானும் அப்பாவும்தான்.

"இதுல பேச என்ன இருக்கு? நீ சின்னவ. நான் விலகிக்கறேன்" என்றார் அப்பா.

"விலகி? ஞாயித்துக்கிழமையே உங்களுக்கு ஓட மாட்டேங்குது. போன வாரம் தலையணை உறையை நீவிக்கிட்டு உக்காந்திருந்தீங்க."

"அது சுருங்கிக் கிடந்துச்சு."

"தலையணை உறைன்னா சுருங்கத்தான்பா செய்யும்."

"சுருங்கும். அதுக்காக அப்படியே விடறதா?"

அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. அவர் படுத்த பிறகு யோசித்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் இருந்து யோசித்தாலும் ஒரே முடிவுதான் வருகிறது. எனக்கு வேறு இடம் கிடைக்கலாம். அவரை இந்த வயதில் யார் எடுப்பார்கள்? நான்தான் விலக வேண்டும். ஆனால் சனிக்கிழமை வகுப்பில் தேர்வு, வேலை அட்டை இருப்பவர்களை மட்டும்தான் எழுத விடுவார்கள். தேர்வை முடித்துவிட்டுத் திங்கள் காலை என் அட்டையைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் சண்டைக்கு வருவார்.

பிப்ரவரி 24, திங்கள்

அட்டையை நீட்டினேன். சூப்பர்வைசர் அதைத் தொடவே இல்லை.

"உங்கப்பா வெள்ளிக்கிழமையே கொடுத்துட்டாரேம்மா."

"சார், மாத்திக்கலாமா?"

"மேல அனுப்பியாச்சு. ஏன், வீட்ல பேசிக்கலையா?"

பேசிக்கொள்ளவில்லை. அவரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் அவரிடம் சொல்லவில்லை. வெள்ளியும் சனியும் அவர் என்னோடு பேருந்தில் வந்தார். இறங்கியதும் வழக்கம்போலப் பின்வாசல் பக்கம் போனார். சனிக்கிழமை அந்த வாசலில் அவரை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். நாள் முழுக்க எங்கே இருந்தார் என்று கேட்கத் தைரியம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும், "தேர்வு எப்படி எழுதின?" என்றார். இரண்டு நாள் கழித்துக் கேட்கிறார்.

"நல்லா எழுதினேன்பா."

கோபப்பட வேண்டும் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். முடியவில்லை.

ஏப்ரல் 2, புதன்

இன்று அப்பா ஆலைக்கு வந்தார். ஒரு நாள் கூலிக்கு. இஸ்திரிப் பகுதியையே விற்றுவிட்டார்கள், இரும்புக் கைகளைக் கழற்றிப் பெட்டியில் அடுக்க ஆள் வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லி அனுப்பியிருந்தார். எந்த வலதுக்கு எந்த இடது என்று அப்பாவுக்குத்தான் தெரியும்.

மதியம் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு கையையும் பழந்துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். விரல் இடுக்கில்கூடத் துணி. பச்சைக் குழந்தையைத் துவட்டுவது போல இருந்தது. இப்படி எழுதினால் மிகையாகத் தெரியுமோ என்று ஒரு முறை அடித்தேன். ஆனால் அப்படித்தான் இருந்தது.

"மெதுவா அண்ணே, அதுக்கு வலிக்கப் போவுது" என்று ரேடியோ அக்கா கேலி செய்தார். சொல்லிவிட்டு அவரே இன்னொரு பழந்துணியை எடுத்துக் கொடுத்தார்.

"இத்தனை வருஷத்துல இதுங்களைச் சூடு இல்லாம தொட்டதே இல்லைம்மா" என்றார் அப்பா. "ஆள் மாறிப்போன மாதிரி இருக்கு."

லாரி கிளம்பும்போது பின்னால் கதவைத் தட்டி, "பள்ளம் பார்த்துப் போப்பா!" என்று ஓட்டுநருக்குக் கத்தினார்.

ஏப்ரல் 4, வெள்ளி

வரியை எடுத்துவிட்டார்கள்.

ரேடியோ அக்காதான் முதலில் சொன்னார். நம் அரசாங்கம் அந்தக் கப்பலை அனுப்பிவிட்டதாம், உடனே அவர்களும் வரியை இறக்கிவிட்டார்களாம், இனி நட்பு நாடுகளாம். "பிள்ளையையும் கிள்ளிட்டு இப்ப தொட்டிலையும் ஆட்டறாங்க" என்றார். நான் அதற்குள் சூப்பர்வைசர் அறைக்கு ஓடியிருந்தேன்.

"சார், வரி போயிடுச்சு. அப்பாவைக் கூப்பிடலாமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வரி போச்சும்மா. ஆர்டர் வேற நாட்டு ஆலைக்குப் போயி அங்க தைக்கவே ஆரம்பிச்சுட்டாங்க. அந்த ஆலைதான் நம்ம இரும்புக் கைகளை வாங்கினது."

அப்பா விரல் இடுக்கில் துணி வைத்தது ஞாபகம் வந்தது. பள்ளம் பார்த்துப் போ என்றதும்.

வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு தலைவர்கள் கை குலுக்கினார்கள், விடாமல் நெடுநேரம் குலுக்கினார்கள். சூப்பர்வைசர் சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டார்.

"ரெண்டு பேரும் வலது கையைத்தான் கொடுக்கறாங்க, பாரு" என்றார்.

சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் தன் வேட்டி மடிப்பை உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தார். அங்கே சுருக்கம் எதுவும் இல்லை.

வரியை யார் கட்டுவது என்று சார் கேட்டபோது நான் சொன்ன பதில் தப்பு என்றார். தப்புதான், பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனாலும் இன்று இந்த நாட்குறிப்பில் "நாம" என்று எழுதியிருந்த பக்கத்தைத் திறந்து பார்த்தேன், அதை அடிக்க மனம் வரவில்லை.

நாளை: தேங்கிய இடக்கைகளுக்கு மிச்சத் தோலில் வலக்கை தைத்துப் பக்கத்து ஊர்க் கடைக்கு விற்கப்போகிறார்கள். காலையில் பெட்டிகளைத் திறந்து இடக்கைகளை நிறவாரியாகப் பிரிக்க வேண்டும். இஸ்திரி கிடையாது, சுருக்கத்தைக் கையாலேயே நீவ வேண்டும். கட்டுவதற்கு முன் கட்டைவிரல் பக்கத்தை இரண்டு முறை பார்க்க வேண்டும்.