முருங்கையில் கட்டிய கயிறு

கிட்டே வாங்க, என் மக்களா. விசிறியையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், இந்த வெக்கையில் அது இல்லாமல் கதை கேட்க முடியாது. சின்னதை மடியில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தாய் ஒரு கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டு முற்றத்திலேயே கடலடிக்குப் போய்ப் போய் வந்த கதையைச் சொல்கிறேன். கேட்கும்போது நெஞ்சு கொஞ்சம் அடைக்கும். அடைத்தாலும் நடுவில் எழுந்து போய்விடாதீர்கள். இந்தக் கதையில் வினை வந்ததே நடுவில் எழுந்து போனதால்தான்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்காகக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. கல் லாரி போகும்போதெல்லாம் தெருவில் சட்டி பானை நடுங்கும். அந்தத் தெருவில், கடலைப் பார்த்த ஓலை வீட்டில் ஆக்னஸ் இருந்தாள். அவள் புருஷன் மரியான் சங்கு குளிக்கிறவன். இடுப்பில் கயிறும் காலில் கல்லுமாகக் கடலுக்குள் இறங்குவான். மேலே வள்ளத்தில் அவன் கயிற்றை ஆக்னஸின் அண்ணன் ஜேசுபாதம் பிடித்திருப்பான். குளிக்கிறவன் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பது அங்கே வழக்கம். தங்கச்சி தாலி அறுந்துவிடக் கூடாதே என்கிற பயம் வேறு எவன் கைக்கு வரும்?

அந்தச் சித்திரையில் இரண்டு ஆண்களும் தெற்கே குளிக்கப் போய் அங்கேயே கரையில் தங்கிவிட்டார்கள். அவர்கள் போன பிறகுதான் ஆக்னஸின் ஒரே மகள் இன்பமணிக்கு அம்மை கண்டது. இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. உடம்பில் ஊசி குத்த இடமில்லாமல் கொப்புளம். கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. இடது கண்ணிமை ஓரத்தில் ஒரு கொப்புளம் மட்டும் பெரிதாக நீர் கோத்து நின்றது.

ஆஸ்பத்திரி நர்ஸ், வாசலில் சொருகியிருந்த வேப்பிலையை விலக்கிக்கொண்டு வந்து பார்த்தாள். "இது தானாக் காயணும். பிள்ளை கையை வச்சு உடைச்சு, சீழ் கண்ணுக்குள்ள இறங்கிட்டுன்னா எங்களால ஒண்ணும் செய்ய முடியாதும்மா" என்றாள்.

ஆக்னஸுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. தெருமுனையில் கயிறு திரிக்கிற சிவனாண்டிக்குச் சின்ன வயதில் அப்படித்தான் பார்வை போனது. அவன் கம்பு சுவரில் தட்டிக்கொண்டு போகிற சத்தம் தினமும் கேட்பதுதான். இப்போது அந்தச் சத்தம் கேட்டதும் அவள் பிள்ளையின் இரண்டு கையையும் எட்டிப் பிடித்தாள்.

முதலில் பழைய சேலையைக் கிழித்துப் பிள்ளையின் கைகளைக் கட்டிப் பார்த்தாள். பிள்ளை முகத்தைப் பாயில் தேய்க்கத் தொடங்கிவிட்டது. உப்பளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பேச்சி, அலறல் கேட்டு ஓடி வந்தாள்.

"ஏளா ஆக்னஸ், அம்மை வார்த்த பிள்ளை கையக் கட்டலாமா? அவுத்து விடு! கதைகிதை சொல்லி ஏய்ச்சுக்கோ."

"எனக்கு என்னக்கா கதை தெரியும்? கருவாடு காயப்போடத்தான் தெரியும்."

"அப்பம் கருவாட்டையே கதையாச் சொல்லு. மாட்டேன்னா சொல்லுது அது?"

சொல்லிவிட்டுப் பேச்சி வேலைக்குப் போய்விட்டாள். ஆக்னஸ் பிள்ளையின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு தனக்குத் தெரிந்த கதைகளை எல்லாம் சொன்னாள். நரிக் கதை, பேய்க் கதை, உடம்பெல்லாம் அம்பு தைத்த செபஸ்தியார் கதை. வெயில் உச்சிக்கு வருமுன்னே எல்லாம் தீர்ந்துவிட்டது. மறுபடியும் செபஸ்தியாரில் தொடங்கினாள்.

"இது காலையில சொன்னது. அம்பு எல்லாம் குத்தியாச்சும்மா" என்றது பிள்ளை. "அரிக்கி. விடு. ஒரு தடவை மட்டும் சொறிஞ்சுக்கிடுதேன்."

கை முறுக்கிக்கொண்டு கண்ணுக்குப் போயிற்று. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்துதான் வந்ததோ! ஆக்னஸ் பிடித்த பிடியில் மணிக்கட்டில் இருந்த கொப்புளங்கள் நசுங்கின. செபஸ்தியாரே, என் கண்ணை எடுத்துக்கிடும், இதை விட்டிரும் என்று மனசுக்குள் கதறிக்கொண்டே அவள் வாசலைப் பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை. ஒரு கட்டெறும்பு மட்டும் மீன் செதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனது. காற்றில் செதில் நிமிர்ந்தது, எறும்பு ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது, மறுபடி நேரே நின்றது.

"ஏட்டி, ஒரு எறும்பு பாய் விரிச்சு கப்பல்ல போகுதுட்டி" என்றாள்.

முறுக்கிய கை நின்றது. "எங்கன?"

"நம்ம வாசல்ல. வெள்ளிப் பாய். காத்து அடிச்சு ஒரு பக்கமாச் சாயுதான். தலையில முண்டாசு கட்டியிருக்கான்."

"முண்டாசு எதுக்கு?"

"வெயிலு அடிக்கில்லா? கொழும்புக்குப் போறானாம். அங்கன அவன் மாமியார் வீடு."

எறும்பு அம்மிக்கல் அடியில் நுழைந்து மறைகிற வரைக்கும் கதை ஓடியது. அதுவரை பிள்ளையின் கை அசையவில்லை. அதற்கப்புறம் "இன்னொண்ணு" என்றது. வாசலில் இன்னொன்று இல்லை. முற்றத்துக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். போனால் கை கண்ணுக்குப் போய்விடும்.

அப்போதுதான் சுவர் ஆணியில் தொங்கிய மரியானின் பழைய கயிறு அவள் கண்ணில் பட்டது. அதை எடுத்து ஒரு நுனியைப் பிள்ளையின் இரண்டு கையிலும் கொடுத்தாள். கடல் வாடை இன்னும் அதில் இருந்தது.

"அம்மா குளிக்கப் போறேன். நீதான் ஜேசுபாதம் மாமா. ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோ. விட்டுட்டேன்னு வையி, அம்மா மேல வர முடியாது. நான் ரெண்டு தடவை வெட்டி இழுத்தா நீ இழு."

"வெட்டு வரலேன்னா?"

"வரும்."

"வரலேன்னா கேட்டுக்கிட்டு இருக்கப்பிடாது, இழுத்திரணும்னு மாமா சொல்லியிருக்கு."

"உன் மாமா பெரிய இவரு" என்று சொல்லிவிட்டு, மறுநுனியைப் பிடித்துக்கொண்டு ஆக்னஸ் முற்றத்தில் இறங்கினாள்.

அன்று தொடங்கிய முங்கல்தான். ஒவ்வொரு தடவையும் எதையாவது கொண்டுவந்தாள். கயிற்றைப் பிடித்த கையில் எதையும் கொடுக்க முடியாதே, அதனால் காதிலும் மூக்கிலும் உதட்டிலும் கொடுத்தாள். பானை அடியின் ஈர மணலை எடுத்துவந்து உள்ளங்காலில் வைத்து, இது கடல்ராசா வீட்டுக் குளிர்ந்த தரை என்றாள். நுங்குத் தண்ணீரை உதட்டில் சொட்டி, அவன் வீட்டுக் கல்யாணப் பானகம் என்றாள். கல் லாரி போய் வீடு நடுங்கியபோது, "சாப்பாடு ஜாஸ்தி, அவனுக்கு வயித்துப் பொருமல்" என்றாள். பிள்ளை மூடின கண்ணோடு சிரித்தது.

நினைத்துப் பாருங்கள், அவளுக்கு அது சிரிப்பா? சிரிப்பு ஒரு மூச்சு நேரம். அடுத்த மூச்சுக்குள் அடுத்தது வேண்டும். முற்றத்தில் நின்றால் தலை சுற்றும். என்ன இருக்கிறது அங்கே? காய்கிற வலை, காய்கிற கருவாடு, ஒரு முருங்கை, ஒரு துவைகல். அவள் நின்ற இடத்திலேயே குந்தி உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே குனிந்த தலையில், வலையின் நிழல் மணலில் சின்னச் சின்னக் கட்டமாக விழுந்திருப்பது தெரிந்தது. கட்டத்துக்குக் கட்டம் ஒரு வெளிச்சம் உட்கார்ந்திருந்தது. கடலடியில் ஒரு தெரு, வீட்டுக்கு வீடு சுவர் உண்டு, கதவு கிடையாது. மூக்கைத் துடைத்துக்கொண்டு கயிற்றை இரண்டு தடவை வெட்டினாள். அதிலிருந்து நின்றுகொண்டு எதையும் பார்ப்பதை விட்டுவிட்டாள். குந்தியும் மண்டியிட்டும் பார்த்தாள். துவைகல்லின் அடியில் தேரை இருந்தது. கூரை மூங்கிலில் குளவி மண் குழைத்து வீடு கட்டியது. வெயில் தாங்காத காகம் வாயைத் திறந்தபடி கூரையில் நின்றது, தொண்டைக்குள் ரோஜா நிறம். இத்தனை நாள் இவற்றோடுதான் குடியிருந்தோமா என்று ஆச்சரியப்பட அவளுக்கு நேரமில்லை. எல்லாவற்றையும் பிள்ளையின் கண்ணுக்காகப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இமைக் கொப்புளத்தின் நடுவில் லேசாகக் கறுப்பு விழுந்து காயத் தொடங்கியது. காயும்போதுதான் அரிப்பு கொல்லும்.

அப்படி ஒரு பகலில் வீட்டுப் பானை வறண்டது. தினமும் ஒரு குடம் கொண்டுவந்து வைக்கிற பேச்சி உப்பளத்தில் இருந்தாள். பிள்ளையின் உதடு வெடித்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் சத்தம்: "பைப்புல தண்ணி வந்துட்டு!"

பைப்பு தெருக்கோடியில். கயிறு முற்றத்தைத் தாண்டாது. தண்ணீருக்குப் போவதைச் சொன்னால் பிள்ளை கயிற்றை விட்டுவிடும், கை சும்மா இருக்காது. ஆக்னஸ் யோசிக்கவில்லை. "இப்பம் ஆழமாப் போறேன், கொஞ்சம் நேரமாகும். பிடியை விட்டிராத" என்று சொல்லிவிட்டு, கயிற்று நுனியைக் கைக்கெட்டின மரத்தில் கட்டினாள். எட்டின மரம் முருங்கை. துணி காயப்போடக்கூட முருங்கைக் கொப்பில் யாரும் கொடி கட்ட மாட்டார்கள். அவளும் கட்டியிருக்க மாட்டாள், வேறு எந்த நாளாக இருந்தாலும். குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பைப்படியில் அவளைப் பார்த்ததும் பெண்கள் குடங்களை இழுத்துக்கொண்டார்கள்.

"அம்மை வீட்டுக்காரி, அங்கன தள்ளி நில்லு."

"ஒரே ஒரு குடம் தாயி. பிள்ளைக்கு நாக்கு வறண்டுட்டு."

"எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் நாக்கு நனைஞ்சா கெடக்கு? கடைசியாப் பிடி" என்றாள் முத்துக்கனி. வரிசையில் முன்னால் நின்ற வாயாடி அவள்.

கடைசி என்பது அந்த வரிசையில் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆக்னஸ் வீட்டுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வெறுங்குடத்தோடு ஓடிவிடலாமா, இன்னும் கொஞ்சம் நிற்கலாமா? பைப்புத் தண்ணீர் நூலாக இளைத்தது. அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள்.

"ஏளா நில்லு" என்றாள் முத்துக்கனி. "குடத்தைக் கீழ வையி. என்னையத் தொடாத." தன் குடத்தை உயரத் தூக்கி, பாதித் தண்ணீரை ஆக்னஸின் குடத்தில் ஊற்றினாள். "என்ன பாத்துக்கிட்டு நிக்க? ஓடு!"

ஓடினாள். வாசலுக்கு வந்தபோது முற்றத்தில் முருங்கை பாதியாக நின்றது. கொப்பு முறிந்து, வெள்ளைச் சதை தெரிந்தது. மணலில் எதையோ இழுத்துக்கொண்டு போன தடம் நேராக வீட்டுக்குள் போயிற்று. உள்ளே சத்தம் ஏதும் இல்லை.

இன்பமணி பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தது. மடியில் அந்த முருங்கைக் கொப்பு. மூடின கண்ணோடு, ஒரு கையில் கயிறும் மறுகையில் இலையுமாக மெல்லத் தடவிக்கொண்டிருந்தது.

"இன்பம்" என்றாள் ஆக்னஸ்.

"யாரது? சத்தம் போடாதீங்க." குரல் கம்மிப் போயிருந்தது. "எங்கம்மாவ மேல இழுத்துட்டேன். முடியெல்லாம் நனைஞ்சு இருக்கு. மூச்சு விடமாட்டேங்கா."

ஆக்னஸுக்குக் குடம் கையில் நழுவியது. எப்படியோ பிடித்துக் கீழே வைத்தாள். ஓவென்று கத்த வந்த வாயைச் சேலையால் அடைத்தாள். கத்தினால் பிள்ளை பயந்து கயிற்றை விடும், கையைக் கண்ணில் வைக்கும். எறும்பும் காகமும் எதுவும் கைகொடுக்கவில்லை. மடியில் கிடந்த அந்தக் கொப்பைத்தான் பார்த்தாள்.

"மவளே, அது நான் இல்ல" என்றாள். "அது கடலுக்கடியில நிக்குற மரம். எனக்கு மூச்சு முட்டிட்டு. இந்த மரம்தான் ஏறிக்கோன்னு கொப்பை நீட்டுச்சு. நான் பிடிச்சேன். நீ இழுத்த இழுப்புல அதும் சேந்து வந்துட்டு."

"நீயா?"

"நான்தான். இங்க பாரு, நெத்தியில என் கை."

பிள்ளை அந்தக் கையில் நெற்றியை வைத்து வெகுநேரம் மோந்தது. "வெட்டு வரல. அதான் இழுத்தேன்."

"நீ இழுக்கலேன்னா நான் இல்ல."

"நான் கயித்த விடவே இல்லம்மா."

ஆக்னஸ் அப்போதுதான் பிள்ளையின் கைகளை விரித்துப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளங்கள் எல்லாம் உடைந்து, தோல் உரிந்து, கயிற்று நார் சதையில் ஒட்டியிருந்தது. பிறகு முகத்தைப் பார்த்தாள். இமை ஓரத்துக் கொப்புளம், விட்டுப் போனபடியே, உடையாமல் இருந்தது. தண்ணீரைச் சங்கில் எடுத்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள்.

பொருக்கு விழுந்து ஒரு காலையில் பிள்ளை கண் திறந்தது. இரண்டு கண்ணும். முதலில் தெரிந்தது மூலையில் சாய்த்து வைத்த காய்ந்த கொப்பு.

"கடல் மரம் இம்புட்டுத்தானா?"

"கரைக்கு வந்தா எல்லாம் சுருங்கித்தான் போகும்" என்றாள் ஆக்னஸ்.

ஆண்கள் ஊர் திரும்பி நடந்ததைக் கேட்டபோது ஜேசுபாதம் மருமகளின் உள்ளங்கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அப்புறம், "ஏலே மச்சான், இனிமே என்னைய எதிர்பாக்காத. உன் மவள வள்ளத்துல ஏத்திக்கோ" என்றான். மரியான் சிரிக்கவில்லை. தங்கச்சியைப் பார்த்து, "முருங்கையிலயா கட்டுன, ஏளா?" என்று மட்டும் ஜேசுபாதம் கேட்டான். அதற்குப் பிறகு ஆக்னஸ் தண்ணீருக்குப் போனாலும் விறகுக்குப் போனாலும், போகிற இடத்தைப் பெயர் சொல்லிச் சொல்லிவிட்டுத்தான் வாசல் தாண்டினாள். பிள்ளையின் உள்ளங்கைத் தழும்பு மட்டும் போகவே இல்லை.

விசிறி நின்றுவிட்டது பாருங்கள், வீசுங்கள். உங்கள் வீட்டுப் பானை இந்தக் கோடை முழுக்க வறளாமல் இருக்கட்டும், மக்களா. உங்கள் பிள்ளைகளின் கண்ணில் வெளிச்சம் குறையாதிருக்கட்டும். உங்களில் யார் எவ்வளவு ஆழத்துக்குப் போனாலும், வீட்டிலிருக்கிற நுனியை ஒரு கை விடாமல் பிடித்திருக்கட்டும்.