கடைசியாக நுழைபவருக்கே நட்சத்திரம்

"எங்கள் பள்ளியில் இருநூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள், கண்ணிமை ஒட்டிக்கொள்ளும் குளிரில், திறந்த கதவுக்கு முன்னால் ஐம்பது நிமிடம் நின்றார்கள். ஒருவரை ஒருவர் 'நீ முதல்ல போ' என்று உபசரித்ததில் ஒருவர்கூட உள்ளே போகவில்லை."

மாநில நற்பண்புக் கொடிக்கான விண்ணப்பத்தில் தலைமையாசிரியை லோர்னா டுவெட்டன் இப்படித்தான் எழுதி அனுப்பினார். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலமே சிரித்தது.

லோர்னா பொய் சொல்லவில்லை. அந்த மாதத்துப் பண்பு, 'பிறருக்கு வழிவிடு'. வழிவிட்டவருக்குத் தங்க நட்சத்திரம் ஒட்டப்படும். முந்திப் போனவருக்கு ஒன்றுமில்லை. நட்சத்திரத்தை விட்டுக்கொடுக்க எந்தக் குழந்தைக்கு மனம் வரும்? கடைசியில் ஆறு வயது சோல்வெய்க் அவசரம் தாங்காமல் கழிப்பறைக்கு ஓடியதால்தான் வரிசை உடைந்தது. பாவம், அவள் அந்தக் கதவுக்கே மன்னிப்புக் கடிதம் எழுதி ஒட்டினாள்.

தலைநகரிலிருந்து, கொடி வழங்கும் அதிகாரியின் பதில் வந்தது: 'பொய் சொல்லும் பள்ளிக்கு நற்பண்புக் கொடியா? விசாரிக்க வருகிறேன். நிரூபிக்காவிட்டால் பட்டியலிலிருந்து நீக்கம். மார்ஜரி க்விஸ்ட்.'

பக்கத்து ஊர்ப் பள்ளியில் நான்கு வருடமாக அந்தக் கொடி பறக்கிறது. அதைப் பார்க்கக் கூடாதென்று லோர்னா தினமும் முகத்தைத் திருப்பியே கார் ஓட்டியதில் அவர் கழுத்து இடப்பக்கமாகவே நின்றுவிட்டது.

க்விஸ்ட் வந்தபோது கையில் வாளி போல ஒரு காப்பிக் குவளை. முக்கால்வாசி காலி. இடைவேளை முடிந்து குழந்தைகள் கதவருகே திரண்டிருந்தார்கள்.

"நீங்க முதல்ல போங்க மேடம்," என்றான் கதவைப் பிடித்திருந்த பையன்.

"பரவால்ல கண்ணு, நீ போ."

"ஐயோ, நீங்க போங்க!"

"சின்னப் பிள்ளைங்களை நிக்க வெச்சிட்டு நான் போவேனா?"

அவரும் மின்னசோட்டாவில் பிறந்தவர்தானே. ஒரு துண்டு கேக்கையே மூன்று முறை வேண்டாமென்று சொல்லிவிட்டுத்தான் எடுத்துக்கொள்கிற ஊர். கதவையா விட்டுவிடுவார்? பையனிடமிருந்து அதைப் பிடுங்கித் தானே பிடித்துக்கொண்டார்.

அரை மணி ஆயிற்று. பள்ளியைச் சூடாக்கும் பாய்லர்காரர் ஹார்லன் உள்ளேயிருந்து அலறினார்: "யாராச்சும் ஒருத்தர் மரியாதை இல்லாம நடந்துக்கக் கூடாதா? உங்க புண்ணியத்துல வெளிய இருக்கற பனிப் பொம்மைக்கு வேர்க்குது!"

லோர்னா குனிந்து சோல்வெய்கின் காதில் கெஞ்சினார். "தங்கம், உனக்கு அவசரமா இல்லையா?"

"இல்ல டீச்சர். இன்னிக்கு வீட்லயே போயிட்டு வந்துட்டேன்," என்றாள் சோல்வெய்க் பெருமையாக.

நாற்பதாவது நிமிடம் க்விஸ்ட் காலை மாற்றி மாற்றி நின்றார். நாற்பத்தைந்தில் முழங்கால்களை இறுக்கிக்கொண்டார். வாளிக் காப்பி சும்மா இருக்குமா?

"மன்னிச்சுக்கோங்க! எல்லாரும் மன்னிச்சுக்கோங்க!"

இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் முந்திக்கொண்டு உள்ளே ஓடினார். இப்படியொரு ஒழுங்கீனத்தைக் குழந்தைகள் பார்த்ததேயில்லை.

சோல்வெய்க் மட்டும் பின்னாலேயே போய், கழிப்பறைக் கதவுக்கு அடியில் ஒரு தாளையும் சிவப்புக் கிரேயானையும் தள்ளினாள். "வாசல் கதவுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதணும் மேடம். நானும் எழுதினேன்."

லோர்னாவும் வந்து வெளியே காத்திருந்தார். பிறகு தாள் வெளியே வந்தது. கோணல்மாணலான சிவப்பு எழுத்தில் இரண்டு வரிகள்:

'கதவே, மன்னித்துக்கொள். அந்த ஐம்பது நிமிடமும் நடந்ததுதான்.'